நாலு கிலோவுக்குள் ஒரு தொலைநோக்கி

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாம் அதது அதனதன் இடத்தில் இருக்கிறது. உன் முதுகுவலி, உன் மனைவியின் இருமல் இரண்டும் எந்த மட்டில் இருக்கின்றன என்று எழுது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஆறு வருடத்துக்கு முன் போனில்தான் உனக்கு அலமாரிக்கு அளவு சொன்னேன். நீ அகலத்தை உயரமாகவும் உயரத்தை அகலமாகவும் குறித்துக்கொண்டு செய்து அனுப்பியது இன்றைக்கும் கூடத்தில் படுத்துக் கிடக்கிறது. வருகிறவர்கள் பெஞ்சு என்று நினைத்து உட்காரப் போகிறார்கள். உன்னிடம் அளவு சம்பந்தப்பட்ட எதுவும் இனி எழுத்தில்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

போன டிசம்பரில் இங்கே வந்தபோது, அத்தானின் கூடாரக் குழு நண்பர்கள் முன்னால் நீ சொன்னது நினைவிருக்கிறதா? "தொலைநோக்கி என்ன பெரிய வித்தையா, நாலு சட்டம், ரெண்டு கண்ணாடி, நானே செஞ்சு தர்றேன்." படச்சட்டம் போடுகிற கடைக்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் கை தட்டினார்கள். நீ மறந்திருப்பாய். அத்தான் மறக்கவில்லை.

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை அந்தக் குழு மேட்டு மைதானத்தில் கூடாரம் போடுகிறது. அன்றைக்குச் சனி கிரகம் நன்றாகத் தெரியுமாம். அதன் வளையத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறார். வண்டி கீழேயே நின்றுவிடும். அங்கிருந்து கால் மணி நேரம் ஏற்றம். தொலைநோக்கியை அவரேதான் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். வேறு யாராவது தூக்கினால் அவர் வரவே மாட்டார். அதனால் பிரித்துப் பெட்டிக்குள் அடக்குகிற மாதிரி, கனமில்லாமல் செய்.

பதிலை வீட்டுக்குப் போடாதே. நான் வேலை பார்க்கும் குழந்தைகள் கிளினிக் முகவரிக்குப் போடு. வீட்டில் தபாலை முதலில் பிரிப்பது யார் என்று உனக்கே தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் என் முதுகும் சேர்ந்தே வாழ்கிறோம், பிரியும் எண்ணம் இருவருக்கும் இல்லை. அவளுடைய இருமல் நின்றுவிட்டது. இருமும்போது என்னைத் திட்ட முடியவில்லை என்பதால் வைராக்கியமாகக் குணமாகிவிட்டாள். அங்கே நீயும் அத்தானும் சௌக்கியமா?

வேலியில் போன ஓணானைப் பிடித்து நானே வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விட்ட பிறகு பின்வாங்குகிற ஆள் நானில்லை. பத்து நாளாகக் கம்ப்யூட்டரில் வீடியோ பார்க்கிறேன். ஒரு பெரிய குழிந்த கண்ணாடி அடியில். அது வெளிச்சத்தைக் குவித்து மேலே அனுப்பும். மேலே ஒரு சின்னக் கண்ணாடி சாய்ந்து நின்று அதைப் பக்கவாட்டில் திருப்பும். அங்கே கண்ணை வைத்தால் வானம். இவ்வளவுதான். இரண்டு கண்ணாடியையும் வெளியூரிலிருந்து வரவழைத்துவிட்டேன். மற்றதெல்லாம் மரவேலை.

ஊரே சனி விலகாதா என்று காத்துக்கிடக்கிறது. அதைத் தேடி மேடேறிப் போய்ப் பார்க்கப் போகிற ஒரே ஆள் நம் அத்தான்.

கனத்தைப் பற்றி நீ கவலைப்படுவது வேடிக்கையாக இருக்கிறது. ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிற மனிதர், லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் ஒரு முழு ஃப்ரிட்ஜை முதுகில் வாரால் கட்டிக்கொண்டு மாடியேறியவர். சட்டம் போட வருகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையை நான் இலவசமாகச் சொல்கிறேன். நிஜத்தில் மூன்று மாடிதான். நான் சொல்லிச் சொல்லி இப்போது ஐந்தாகியிருக்கிறது. மாதக் கடைசியில் ஏழாகலாம்.

ஆகவே நல்ல கெட்டி பிளைவுட்டில், காலத்துக்கும் நிற்கிற மாதிரி செய்கிறேன். பதினோரு கிலோ வரும். அவருக்கு அது தலையணை.

உன் அன்புத் தம்பி
ஆணி
(அத்தான் வைத்த பெயர் என்பதால் கடைப் பலகையிலும் இந்தக் கடிதங்களிலும் மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்)


மார்ச் 23

அன்புள்ள தம்பிக்கு,

இருமல் நின்றதில் சந்தோஷம். இங்கே நான் நலம்.

பதினோரு கிலோ வேண்டாம். ஆறு. காலத்துக்கும் நிற்க வேண்டியதில்லை, அக்டோபரில் நின்றால் போதும்.

பதில் தாமதமாகிவிட்டது, வேலை இருந்தது. அத்தான் எப்படி என்று கேட்டிருந்தாய். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடமே விட்டுவிட்டார். போதும் என்றார்.

ஆறு என்று எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஒன்பதாகத் திருப்பிப் பிடித்துப் படிக்காதே.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா


ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் ஆசை. கட்டைவிரலில் சுத்தியல், வலது முட்டியில் பசை, குடும்பத்தில் அவமானம். இவை நீங்கலாக நலம். அத்தான் கடையை விட்டதை ஒரு வரியில் எழுதியிருக்கிறாய். ராஜா மாதிரி ஓய்வெடுக்கிறார் என்று நம் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

ஆறு கிலோ. நீ ஒரு வரியில் எழுதிவிட்டாய். இங்கே அதற்கு முழு மரக்குழாயையும் உடைத்தேன். அடியில் ஒரு பெட்டி, மேலே ஒரு வளையம், இரண்டுக்கும் நடுவே நாலு அலுமினியக் குழாய், சுற்றிலும் கறுப்புத் துணி. துணியைச் சுற்றி நிறுத்தியபோது ஏதோ துக்கத்துக்குப் போகிற ஆள் மாதிரி இருந்தது. பிரித்தால் எல்லாம் அடிப்பெட்டிக்குள்ளேயே அடங்கும். எனக்கே என் மேல் மரியாதை வந்தது. அரை நாள் இருந்தது.

கனத்தைக் குறைக்க அடிப்பெட்டியைச் செதுக்கினேனா, அடி லேசாகிவிட்டது. உடனே மேல்முனை தானாகக் கவிழ்ந்து தரையைப் பார்க்க ஆரம்பித்தது. அடி இளைக்க இளைக்கத் தலைக்கனம் ஏறுகிறது. நம் குடும்பத்தில் இது புதிதில்லை என்றாலும் ஒரு கருவிக்கு ஆகாது. சரி என்று மேல் வளையத்தை இளைத்தேன். இப்போது வானத்தையே பார்த்துக்கொண்டு மல்லாந்துவிட்டது. அப்புறம் திரும்ப அடி. இப்படியே ஒரு மாதம். என் மனைவி கடைவாசலில் நின்று, "அது உங்களுக்கு வணக்கம் சொல்லுதா, வேண்டாங்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கடைசியில் ஆறு வந்தது. பக்கத்துப் பழைய பேப்பர்க்காரர் தராசில் தொங்கவிட்டு நிறுத்தேன். சரியாக ஆறு. அடிப்பெட்டியின் முன்பக்கம் ஒரு பித்தளைத் தகடும் பதித்திருக்கிறேன், 'ஆணி படச்சட்டக் கடையின் கைவேலை' என்று எழுத்து வெட்டி. அழகாக இருக்கிறது.

எப்போது அனுப்பட்டும்? அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். கவிழாத வணக்கம்.

ஆணி


மே 9

அன்புள்ள தம்பிக்கு,

விரலுக்கு மருந்து போடு. நான் நலம்.

ஆறு வேண்டாம். நாலு.

இனி மாறாது. நாலு கிலோவுக்குள், பெட்டியோடு, கைப்பிடியோடு, எல்லாம் சேர்த்து.

அக்கா


ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அவ்வளவு சின்னக் கடிதத்தை அவ்வளவு நேரம் யாரும் படித்திருக்க மாட்டார்கள். கண்ணாடிகளை மட்டும் தட்டில் வைத்தால் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கிறது. கண்ணாடியைச் செதுக்க முடியாது. அப்படியென்றால் மீதி தொலைநோக்கியை நான் எதில் செய்வது, அப்பளத்திலா?

ஏன் நாலு என்று ஒரு வார்த்தை இல்லை. பதினொன்று, ஆறு, நாலு. ஏலம் விடுகிறவர்கள்கூட ஏற்றித்தான் விடுவார்கள். குழுவில் யாரோ இதைவிட லேசாக வாங்கிவிட்டார், அத்தானுக்குப் பொறாமை, அதானே என்கிறாள் என் மனைவி. பேப்பர்க்காரரைக் கேட்டேன். பெரிய மனிதர்கள் வயதானால் சின்னப் பொருளாகக் கேட்பார்கள் என்றார். தட்டச்சுக் கடை அம்மாவையும் கேட்டேன். ஆமாம், எல்லாரிடமும் கேட்டேன். என்னைப் பற்றித் தெரிந்துதானே எழுதுகிறாய்.

செய்துவிட்டேன். கெட்டி பிளைவுட்டை எடுத்துவிட்டு, படத்துக்குப் பின்னால் அடிக்கிற மெல்லிசுப் பலகையை இரண்டாக ஒட்டிப் பெட்டி செய்தேன். அலுமினியக் குழாய்களுக்குப் பதில் பழைய கூடாரத்தின் கம்பிகள். இரவு வாசலில் வைத்து நிலாவைப் பார்த்தேன். பள்ளம் பள்ளமாக, நம் தெரு மாதிரியே இருக்கிறது. பேப்பர்க்காரர் தராசில் நாலு கிலோ, ஒரு கிராம் கூடவும் இல்லை குறையவும் இல்லை. லாரி பார்சலில் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டேன். நானும் நாலு கிலோ இளைத்திருப்பேன்.

உன் உடம்பு எப்படி? அத்தான் உடம்பு எப்படி? கேட்டதற்குப் பதில் எழுது.

ஆணி


ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. நீ இளைத்தது நல்லதுதான், கொஞ்சம் அதிகமாகவே இருந்தாய்.

கிளினிக்கில் குழந்தைகளை எடை பார்க்கிற தராசு இருக்கிறது. நர்ஸும் நானும் அதில் உன் பெட்டியைப் படுக்க வைத்தோம். "எத்தனை மாசம்?" என்று கேட்டாள். "எட்டாவது மாசம் நடக்குது" என்றேன். நாலு கிலோ தொள்ளாயிரம் காட்டியது. இறக்கிவிட்டு மறுபடி வைத்தோம். அதே நாலு தொள்ளாயிரம்.

தம்பி, பழைய பேப்பர் வாங்குகிறவனின் தராசு அது. மக்கள் கொண்டுவருகிற பேப்பரை அது எப்படிக் காட்டும்? அதில் எந்தப் பொருளை ஏற்றினாலும் இளைத்துத்தான் தெரியும். முப்பது வருடமாகப் பக்கத்துக் கடையில் இருக்கிறாய், இது உனக்குத் தோன்றவில்லையா?

திருப்பி அனுப்பியிருக்கிறேன். தொள்ளாயிரம் கிராம் குறை. பித்தளைத் தகடே எண்பத்தைந்து கிராம் இருக்கும். அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

இங்கே நலம்.
அக்கா


ஜூலை 14

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நானில்லை.

பேப்பர்க்காரரிடம் போய்க் கேட்டேன். சிரிக்கிறார். "உங்களுக்குக் குறைச்சுக் காட்டணும்னுதானே கேட்டீங்க, குறைச்சுத்தானே காட்டிச்சு" என்கிறார். முப்பது வருடப் பேப்பரை இந்த மனிதருக்குப் போட்டிருக்கிறேன். என் படிப்பு முழுவதும் அந்தத் தராசில் கிலோவுக்கு இருநூறு கிராம் குறைந்திருக்கிறது. அதனால்தான் எனக்கு அறிவு இவ்வளவு இருக்கிறது.

அதைக்கூட மன்னித்துவிடுவேன். உன்னை மன்னிக்க முடியவில்லை. முதலில் நாலு என்று சொல்லியிருந்தால் முதலிலேயே நாலு செய்திருப்பேன். மூன்று தடவை செய்தேன். என்னிடம் கல்யாண போட்டோவுக்குச் சட்டம் கேட்டுக் கொடுத்தவர்கள், விவாகரத்தே ஆகிவிடும் போல இருக்கு என்கிறார்கள்.

அப்புறம் அந்தத் தகடு. அதை எடுக்க மாட்டேன். என் வாழ்க்கையில் நான் பாதியில் விடாமல் செய்த ஒரே சாமான் இது. அதில் என் கடைப் பேர் இருக்கக் கூடாதா?

என்ன நியாயம் இது? ஃப்ரிட்ஜைச் சுமந்து மாடியேறின மனிதருக்கு நாலு கிலோ தொள்ளாயிரம் கனமா? அவர் தோள் என்ன பஞ்சில் செய்ததா? அவ்வளவு சொகுசாகிவிட்டார் என்றால் மேடேற வேண்டாம், நாற்காலியிலேயே உட்கார்ந்து ஜன்னல் வழியாகச் சனியைப் பார்க்கட்டும். இதை அப்படியே அவரிடம் படித்துக் காட்டு. நான் சொன்னதாகவே சொல்.

தம்பி


செப்டம்பர் 3

தம்பிக்கு,

நான் நலம். உன் ஜூலைக் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் கடைசி வரியை அப்படியே எழுதுகிறேன்: "நான்கு கிலோவுக்கு மேல் எந்த எடையையும் தூக்கக் கூடாது."

ஜனவரியில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. ஏப்ரல் கடைசியில் மறுபடி சேர்த்தோம். அதற்குப் பிறகுதான் டாக்டர் இந்தக் கணக்கைப் போட்டார். ஆகஸ்டில் பத்து நாள் திரும்ப உள்ளே இருந்தார், அதனால்தான் உனக்குப் பதில் எழுதவில்லை. இப்போது வீட்டில் இருக்கிறார். நடக்கலாம், மெதுவாக ஏறலாம், தூக்கக் கூடாது. அவருடைய ஃப்ரிட்ஜ் வாரைப் பரண் மேல் போட்டுவிட்டார்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். "அவன்கிட்ட சொன்னா ஊருக்கே தெரியும். மாடியேத்தின கதையைச் சொன்ன அதே வாய் இதையும் சொல்லும்" என்றார். நீ அவரைச் சுமந்த மாதிரி ஊரில் யாரும் அவரைச் சுமக்கவில்லை, தம்பி. ஐந்து மாடி வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டாய். அவருக்கு அங்கிருந்து இறங்கத் தெரியவில்லை.

குழுவில் எல்லாரும் அவரவர் சாமானை அவரவரே தூக்குவார்கள். இவர் வெறுங்கையோடு ஏற மாட்டார். அக்டோபர் பதினொன்று. முடியாது என்றால் எழுதிவிடு, அவரிடம் வேறு ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். என் மனைவி என்னிடம் ஏன் பேசாமல் இருக்கிறீர்கள் என்று கேட்கிறாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

அடிப்பெட்டியில் முப்பத்தாறு ஓட்டை போட்டேன். பலகையில் எங்கே பலம் தேவையில்லையோ அங்கேயெல்லாம். இருநூற்றுப் பத்து கிராம் போயிற்று. சுற்றித் திருப்புகிற அடித்தட்டை வட்டமாக வைத்திருந்தேன், அதை முக்கோணமாக அறுத்தேன், இருநூற்று நாற்பது. இரும்புப் போல்ட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டு நைலான் போல்ட் போட்டேன். கைப்பிடி மரத்தை எடுத்துவிட்டு ஒரு நாடா. அது தோளில் குறுக்கே போகும், நெஞ்சில் படாது, நானே போட்டு நடந்து பார்த்தேன். பெயிண்டைச் சுரண்டினேன். பெயிண்டுக்கு அவ்வளவு கனம் உண்டென்று எனக்குத் தெரியாது. கறுப்புத் துணியில் மடிப்புக்கு விட்டிருந்ததைக் கத்தரித்தேன். குறி பார்க்கிற குட்டிக் குழாயைத் தூக்கிவிட்டு இரண்டு வாஷரை ஒட்டினேன். முதல் வாஷருக்குள்ளே இரண்டாவது தெரிந்தால் போதும், அதற்குள் சனி வந்துவிடும்.

தபால் ஆபீஸ் தராசில்தான் நிறுத்தேன். அவர்கள் கனத்துக்குத்தானே ஸ்டாம்பு கேட்கிறார்கள், குறைத்துக் காட்டினால் அவர்களுக்குத்தான் நஷ்டம். ஒன்பது நாள் தினமும் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா ஐந்தாவது நாள், "அனுப்பப் போறீங்களா, இல்ல வளர்க்கிறீங்களா?" என்று கேட்டாள். ஒன்பதாவது நாள் நாலு கிலோ நாற்பது கிராமில் வந்து நின்றது. அதற்கு மேல் எடுக்க எதுவுமில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்த்தேன்.

தகட்டை எடுத்தேன்.

மூன்று கிலோ தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து. நானே கொண்டுவந்து கொடுக்க நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும், அதனால் பார்சல்.

இத்தனை ஓட்டை ஏன் என்று பேப்பர்க்காரர் கேட்டார். டிசைன் என்றேன். வேறு யாரிடமும் எதுவும் பேசவில்லை. ஃப்ரிட்ஜ் கதையைக் கேட்டு ஒரு வாடிக்கைக்காரர் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மறந்துவிட்டது என்றேன்.

உன் உடம்பையும் பார்த்துக்கொள். அவர் உடம்பைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டதாகவும் நினைத்துக்கொள்.

தம்பி


அக்டோபர் 16

மச்சான் ஆணிக்கு,

உன் குடும்பம் சௌக்கியமா? நான் எப்படி இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். உன் அக்கா சத்தியத்தை மீறிவிட்டாள் என்பதைத் தோள் நாடாவைப் பார்த்ததுமே கண்டுபிடித்தேன். நெஞ்சில் படாமல் நாடா வைக்கிற புத்தி உனக்குத் தானாக வராது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பில் எழுதித்தான் பழக்கம். அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

மற்றவர்களுக்குக் கால் மணி ஏற்றம். எனக்கு நாற்பது நிமிடம். இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். கேட்டவர்களிடம் இயற்கைக் காட்சி பார்ப்பதாகச் சொன்னேன். இரண்டாவது இடத்தில் காட்சி என்று இருந்தது ஒரு தண்ணீர்த் தொட்டி. அதையும் பார்த்தேன். பெட்டியை நான்தான் தூக்கினேன். யாரும் உதவிக்கு வரவில்லை, வரவேண்டிய அளவுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

சனியைப் பார்த்தேன். வளையம் இருக்கிறது. படத்தில் போடுகிற மாதிரியேதான், யாரோ வெட்டி ஒட்டிய மாதிரி. ரொம்ப நேரம் நம்பவில்லை. பெட்டிக்குள் நீ ஏதாவது படம் ஒட்டியிருக்கிறாயா என்று விரலைவிட்டுப் பார்த்தேன். குழுவில் எல்லாரும் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

இப்போது குறை. மச்சான், உன் சாமான் படு லேசு. மேட்டில் காற்று அடித்ததும் தொலைநோக்கி நடுங்கியது, அதில் சனி குளிருக்கு நடுங்குகிறவன் மாதிரி துள்ளியது. ஒரு கனமும் இல்லாமல் யாராவது இப்படி ஒரு கருவி செய்வார்களா? ஒரு துணிப்பையைக் கீழே கட்டித் தொங்கவிட்டு, அதில் கல்லைப் போட்டேன். அப்புறம்தான் நின்றது. மூன்று கிலோவுக்கு மேல் கல். ஒவ்வொன்றாகத்தான் பொறுக்கினேன். ஒவ்வொன்றும் அரைக் கிலோ இருக்கும். தூக்கினது நான்தான்.

இது உன் அக்காவுக்குத் தெரிய வேண்டாம். அவள் கூடாரத்துக்குள் இருந்தாள்.

பெட்டியின் முன்பக்கத்தில் நாலு ஆணித் துளை சும்மா இருக்கிறது. அங்கே ஏதோ தகடு இருந்திருக்கிறது. அதை அனுப்பு, நான் அடித்துக்கொள்கிறேன். கனம் பரவாயில்லை.

பதிலை வீட்டுக்குப் போடாதே. என் பழைய கடை முகவரிக்குப் போடு.

அத்தான்


அக்டோபர் 24

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

இங்கே நாங்கள் எல்லாரும் இருக்கிற மாதிரி இருக்கிறோம். நீங்கள் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிறீர்கள் என்று நம்புகிறேன்.

எட்டு மாதம். பதினோரு கிலோவிலிருந்து மூன்று தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்துக்கு ஒவ்வொரு கிராமாகச் செதுக்கினேன். என் கடையில் ரம்பமும் என் மனைவியும் இரண்டும் பழுதாகிவிட்டன. தபால் ஆபீஸில் என்னைக் கண்டால் கவுண்டரை மூடுகிறார்கள். நான் எடுத்த கனத்தை நீங்கள் தரையிலிருந்து பொறுக்கித் திருப்பிப் போட்டுவிட்டு, லேசு என்று குறை சொல்கிறீர்கள். உங்கள் இருவருக்கும் இனி ஒரு புகைப்படச் சட்டம்கூடச் செய்ய மாட்டேன்.

தகட்டை அனுப்பியிருக்கிறேன். ஆணிகள் சின்னக் காகிதப் பொட்டலத்தில்.

கூடவே ஒரு கான்வாஸ் பை இருக்கும், நாற்பது கிராம். தொலைநோக்கியின் அடியில் மாட்டப் பையிலேயே கொக்கி வைத்திருக்கிறேன். உள்ளே தனித்தனி அறைகளாகப் பிரித்துத் தைத்திருக்கிறது. ஓர் அறையில் அரைக் கிலோவுக்கு மேல் ஒரு கல்லை வைத்தால் தையல் விட்டுவிடும். அப்படித்தான் தைக்கச் சொன்னேன்.

அத்தான், ஒரு விஷயம் உங்களிடம் சொல்லக் கூடாது என்று எனக்கு எழுத்தில் உத்தரவு. நாலு நாள் தாக்குப் பிடித்தேன், என் சுபாவத்துக்கு அது நீளம். உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வந்துவிட்டது. கூடாரத்துத் துணியை ஒதுக்கிக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவை நீங்கள் குனிந்தபோதும் எழுந்து வரக் கால் துடித்ததாம், வரவில்லையாம். ஏழு கல் என்று எழுதியிருந்தாள். பையில் ஏழு அறை வைக்கச் சொன்னதும் அவள்தான்.

உங்கள்
ஆணி